கொதிக்கும் மண்ணில் விருந்தாளியாக: ரோட்டோருவா பற்றி வாசகர் கேள்வி பதில்

நியூசிலாந்தின் வடக்குத் தீவில் உள்ள ரோட்டோருவா பற்றிப் போன மாதம் இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். வெந்நீர் ஊற்றுகளும் அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்களும் ஒரே தெருவில் வசிக்கும் ஊர் அது. வந்த கடிதங்களில் விசா, விமானம் பற்றியவற்றுக்குச் சுருக்கமாகவும், அந்த மண்ணையும் மக்களையும் பற்றியவற்றுக்கு விரிவாகவும் பதில் சொல்கிறேன். விசாவை முதலில் முடித்துவிடலாம். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் பயணத்துக்கு முன்பே பார்வையாளர் விசா வாங்கியாக வேண்டும். சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாக ஆக்லாந்து போய் இறங்கினால், அங்கிருந்து ரோட்டோருவாவுக்குக் காரில் மூன்று மணி நேரம். நம் ஊர் போலவே சாலையின் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும்.

கேள்வி: மாவோரி நடனம், வரவேற்பு எல்லாம் டிக்கெட் வாங்கியவர்களுக்காகப் போடும் வேஷம் என்று போய் வந்த நண்பர் சொல்கிறார். அதற்குப் பணம் செலவழிக்கத்தான் வேண்டுமா? (மதுரை வாசகர்)

உங்கள் நண்பர் பார்த்தது மாலை நிகழ்ச்சியாக இருக்கும். பேருந்தில் அழைத்துப்போய், வரவேற்பு, பாட்டு, ஆட்டம், சாப்பாடு என்று மூன்று மணி நேரத்தில் முடித்து அனுப்புவார்கள். டிக்கெட் நிகழ்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் காசு வாங்குகிறார்கள் என்பதற்காக அதை வேஷம் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வெளியூர்க்காரரை அழைத்துப்போய்த் தங்கள் மண்ணைக் காட்டுவது இந்த மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வந்த தொழில். அந்தத் தொழிலுக்குப் பின்னால் ஒரு பெரிய சாவும் இருக்கிறது.

1880-களில் தாராவேரா மலைக்கு அருகே, ரோட்டோமஹானா ஏரிக்கரையில் இரண்டு படிக்கட்டு அருவிகள் இருந்தன. ஒன்று வெள்ளை, இன்னொன்று இளஞ்சிவப்பு. வெந்நீரில் கரைந்து வந்த சிலிக்கா பல நூறு ஆண்டுகள் படிந்து படிந்து உருவான தொட்டிகள் அவை. ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்து பார்த்தார்கள். அவர்களைப் படகில் ஏற்றிப்போனவர்களும் வழிகாட்டியவர்களும் தூஹோரங்கி என்ற மாவோரிக் குலத்தார். இருந்த ஊர் தெ வாய்ரோவா. வருமானம் எப்படி வந்தது என்பதற்கு அந்த ஊர்க் கூடத்தையே சொல்லலாம். ஹினெமிஹி என்று பெயர். மரச் சிற்பங்களின் கண்ணில் வழக்கமாகப் பதிப்பது பாவா என்ற சிப்பி ஓடு. இங்கே தங்க நாணயங்களைப் பதித்திருந்தார்கள்.

1886 மே 31-ஆம் தேதி சுற்றுலாக்காரர்களை ஏற்றிப்போன படகிலிருந்தவர்கள், ஏரியில் முன்பின் பார்த்திராத ஒரு போர்ப் படகு போவதைக் கண்டதாகச் சொன்னார்கள். அந்தப் பயணத்தின் வழிகாட்டி சோஃபியா ஹினெராங்கி. ஜூன் 10-ஆம் தேதி விடியுமுன் தாராவேரா வெடித்தது. 17 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூமி பிளந்தது. சுமார் 120 பேர் இறந்தார்கள். அநேகமாக எல்லோரும் மாவோரிகள். படிக்கட்டுகள் போயின, தெ வாய்ரோவா சேற்றிலும் சாம்பலிலும் புதைந்தது. சோஃபியாவின் வீடு செங்குத்தான கூரையோடு தாக்குப்பிடித்தது. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் அதற்குள் புகுந்து உயிர் தப்பினார்கள். ஹினெமிஹியில் ஒதுங்கியவர்களும் பிழைத்தார்கள். அந்தக் கூடத்தை 1892-ல் அன்றைய கவர்னர் ஆன்ஸ்லோ பிரபு விலைக்கு வாங்கி இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்விட்டார் என்பது எனக்கு இன்றைக்கும் ஆறாத செய்தி.

ஊரை இழந்து வந்தவர்களுக்கு ரோட்டோருவா பக்கத்தில் இருந்த உறவுக் குலத்தார் இடம் கொடுத்தார்கள். அப்படி அவர்கள் குடியேறிய இடங்களில் ஒன்றுதான் ஃபகாரேவாரேவா. உள்ளூரில் 'ஃபகா' என்று சுருக்கிச் சொல்வார்கள். சோஃபியா அங்கேயும் வழிகாட்டியாக இருந்தார், அடுத்த தலைமுறைப் பெண்களைத் தயார் செய்தார். அவர்களில் மாகெரெத்தி என்பவர் 1901-ல் பிரிட்டிஷ் இளவரசருக்கே ஊரைச் சுற்றிக் காட்டினார். பிறகு இங்கிலாந்து போய், ஆக்ஸ்ஃபோர்டில் மானிடவியல் படித்து, தன் மக்களின் வாழ்க்கை பற்றி ஆய்வேடு எழுதினார். சமர்ப்பிக்கச் சில வாரங்களே இருந்தபோது 1930-ல் இறந்துபோனார். எழுதியது 1938-ல் புத்தகமாக வந்தது. மாவோரிகளைப் பற்றி ஐரோப்பியர்கள் மட்டுமே எழுதிக்கொண்டிருந்த காலத்தில், உள்ளே பிறந்து வளர்ந்த ஒரு பெண் எழுதியது.

இன்றைக்கு ஃபகாவில் உங்களுக்கு முன்னால் நடந்து போகும் வழிகாட்டி அந்த மக்களின் வாரிசு. 'இது என் பாட்டி வீடு, அது பெரியப்பா கல்லறை' என்று சொல்லிக்கொண்டே போவார்கள். மாலை நிகழ்ச்சியில் ஆடும் இளைஞர்களிலும் பலர், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் தெ மாத்தாத்தினி என்ற தேசியப் போட்டிக்காக மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கிறவர்கள். முதலில் பகலில் ஃபகாவுக்குப் போங்கள். மாலை நிகழ்ச்சியை அதற்கு அடுத்து வைத்துக்கொண்டால், மேடையில் நடப்பது என்னவென்று புரியும்.

கேள்வி: ஊரே கெட்டுப்போன முட்டை நாற்றம் அடிக்குமாமே? எனக்குக் கொஞ்சம் ஆஸ்துமா உண்டு. (ஈரோடு வாசகி)

அடிக்கும். பூமிக்குள்ளிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுதான் காரணம். மிக மிகக் கொஞ்சம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். முதல் நாள் முகம் சுளிப்பீர்கள், மறுநாள் பழகிவிடும்.

ஆனால் பழகிவிட்டது என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. திறந்தவெளியில் பயமில்லை. மூடிய அறைக்குள் வெந்நீர்த் தொட்டி இருக்கும் விடுதிகளில்தான் கவனம் தேவை. அங்கே வாயு தேங்கினால் உயிருக்கே ஆபத்து, அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாசனையே தெரியாமல் போகும். 'ஜன்னலை மூடாதீர்கள்' என்று எழுதி ஒட்டியிருந்தால், எவ்வளவு குளிராக இருந்தாலும் மூடாதீர்கள். ஆஸ்துமா இருப்பதால் இன்ஹேலர் கையிலேயே இருக்கட்டும். ஆவி அடர்ந்த இடங்களில் அதிக நேரம் நிற்க வேண்டாம். கிளம்புமுன் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அப்புறம், கொலுசு, மெட்டி, வெள்ளி அரைஞாண் எதுவானாலும் கழற்றிக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்துவிடுங்கள். குளத்தில் இறங்கக்கூட வேண்டாம், ஊர்க் காற்றிலேயே வெள்ளி கறுத்துவிடும்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். அந்த ஊரில் மட்டும் தரை ஏன் கொதிக்கிறது? (நெய்வேலி மாணவர்)

தம்பி, அந்த ஊரில் மட்டுமல்ல. தாவ்ப்போ எரிமலை மண்டலம் என்று ஒரு நீண்ட பட்டை, வடக்குத் தீவின் நடுவிலிருந்து வடகிழக்குக் கடல்வரை போகிறது. ரோட்டோருவா அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. பசிபிக் தட்டு அங்கே ஆஸ்திரேலியத் தட்டுக்கு அடியில் இறங்குகிறது. இறங்கும் தட்டிலிருந்து வெளியேறும் நீர் மேலே இருக்கும் சூடான பாறையின் உருகுநிலையைக் குறைத்துவிடுவதால் பாறை உருகுகிறது. உருகிய குழம்பு சில கிலோமீட்டர் ஆழத்துக்கு ஏறி வந்து நிற்கிறது. மழைநீர் விரிசல் வழியாகக் கீழே போய், சூடேறி, மறுபடி மேலே வருகிறது. அவ்வளவுதான் வெந்நீர் ஊற்று.

பீறிட்டு அடிக்கும் ஊற்றுக்கு இன்னொரு விஷயமும் வேண்டும்: குறுகலான குழாய் போன்ற பாதை. ஆழத்தில் இருக்கும் நீரை மேலே நிற்கும் நீர் அழுத்திக்கொண்டிருப்பதால், 100 டிகிரியைத் தாண்டியும் அது கொதிக்காமல் இருக்கும். மேலே கொஞ்சம் நீர் வழிந்தால் அழுத்தம் குறையும். உடனே அடியில் இருப்பது ஒரேயடியாக ஆவியாகி, எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு வெளியே வரும். ஃபகா பள்ளத்தாக்கில் இருக்கும் போஹுத்து இப்படி 30 மீட்டர்வரை எழும்பும். ஒரு நாளில் பல முறை.

தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில் வாய்-ஓ-தாப்பு. அங்கே ஷாம்பெய்ன் குளம் என்று 65 மீட்டர் அகலத்தில் ஒன்று. நீர் 74 டிகிரி, கார்பன் டை ஆக்சைடு குமிழிகள் ஓயாமல் வருவதால் அந்தப் பெயர். கரையில் மட்டும் செங்காவி நிறத்தில் ஒரு விளிம்பு, ஆர்சனிக்கும் ஆன்டிமனியும் கந்தகத்தோடு சேர்ந்து படிந்தது. அழகாக இருக்கும், தொட்டுப் பார்க்கிற அழகு இல்லை. சேற்றுக் குளங்களையும் பார். அமிலமும் ஆவியும் பாறையைக் கரைத்துச் சேறாக்கி வைத்திருக்கும். கேழ்வரகுக் களி கொதித்துவரும்போது நடுவில் எழும்பி 'ளப்' என்று உடையுமே, அதே வேகம், அதே சத்தம்.

இந்த மக்கள் இதற்குச் சொல்லும் கதையையும் தெரிந்துகொள். தெ அராவா என்ற படகில் கடல் கடந்து வந்த முன்னோர்களில் ஙாத்தோரோ-இ-ராங்கி என்ற பூசாரி தோங்காரிரோ மலைமேல் ஏறினார். பனியில் உறைந்து சாகும் நிலை. தூரத்தில் தாய்நாடான ஹவாய்க்கியில் இருந்த அக்கா தங்கைகளைக் கூப்பிட்டு நெருப்பு அனுப்பச் சொன்னார். அது கடலுக்கடியில் வந்து, ஃபகாரி எரிமலைத் தீவில் தலைகாட்டி, ரோட்டோருவா வழியாகப் போய் மலையுச்சியில் அவரைச் சேர்ந்தது. வரைபடத்தில் ஃபகாரியையும் ரோட்டோருவாவையும் தோங்காரிரோவையும் ஒரு கோட்டில் சேர்த்துப் பார். நிலவியல்காரர்கள் வரையும் எரிமலை மண்டலமும் அதே வழிதான். அந்த நிலத்தை எவ்வளவு கூர்ந்து பார்த்திருந்தால் இப்படி ஒரு கதை பிறந்திருக்கும்!

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். ஹாங்கி விருந்தில் எங்களுக்கு என்ன கிடைக்கும்? (கும்பகோணம் வாசகி)

ஹாங்கி என்பது மண்ணுக்குள் வேகவைக்கும் முறை. குழி தோண்டி, விறகில் கல்லைப் பழுக்கக் காய்ச்சி, அதன்மேல் கூடைகளை இறக்கி, ஈரத் துணி போட்டு, மண்ணால் மூடி, மூன்று நான்கு மணி நேரம் விடுவார்கள். ஆட்டிறைச்சி, கோழி, பன்றி, கிழங்கு, பூசணி எல்லாம் பெரும்பாலும் ஒரே குழியில்தான் வேகும். கடும் சைவம் என்றால் முன்பதிவு செய்யும்போதே, 'இறைச்சியோடு சேராமல் தனித் தட்டில் வெந்தது வேண்டும்' என்று முழு வாக்கியமாக எழுதிவிடுங்கள். 'வெஜிடேரியன்' என்ற ஒரு சொல் மட்டும் போதாது.

கட்டாயம் சாப்பிட வேண்டியது குமரா. நம் சர்க்கரைவள்ளிக்கிழங்குதான். தென் அமெரிக்காவில் பிறந்த பயிர். பாலினேசியத் தீவுகளுக்கு வந்து, அங்கிருந்து மாவோரி முன்னோர்கள் படகில் கொண்டுவந்தது. குளிர் நாட்டில் அதைக் காப்பாற்றி விளைவித்ததே பெரிய சாதனை.

ஃபகாவில் விறகும் வேண்டாம், கல்லும் வேண்டாம். தரையில் ஆவி வரும் இடத்தின்மேல் மரப்பெட்டி வைத்திருப்பார்கள். தட்டை உள்ளே வைத்து மூடி, மேலே சாக்கைப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நான் போயிருந்தபோது ஓர் அம்மா மக்காச்சோளக் கதிர்களை வலைப்பையில் போட்டுப் பாரெகோஹூரு என்ற கொதிகுளத்தில் இறக்கினார். பையின் கயிற்றைக் கரையில் ஒரு கொக்கியில் மாட்டிவிட்டு, என்னோடு பேச்சுக் கொடுத்துக்கொண்டே குளத்தின் நீர்மட்டத்தையும் கவனித்தார். அது ஏறும், இறங்கும். ஏறி வழியும் சமயம் அவருக்குக் கடிகாரம் பார்க்காமலே தெரிந்தது. சில நிமிடங்களில் கதிரை எடுத்து, தோலை மடக்கிப் பிடித்துக் கையில் கொடுத்தார். உப்பு தொட்டதுபோல லேசான ருசி, கந்தக வாடை துளியும் இல்லை. வெண்ணெய் தடவித் தருவார்கள், வேண்டாம் என்றால் சொல்லிவிடுங்கள். அது உங்களுக்கு நிம்மதியான சைவச் சாப்பாடு.

கேள்வி: வரவேற்பின்போது குழுவில் ஓர் ஆணைத் தலைவராக நிற்கச் சொல்வார்களாம். என் கணவர் பயப்படுகிறார். மூக்கோடு மூக்கு வைப்பதில் எனக்கும் கூச்சம். (திருச்சி வாசகி)

உங்கள் கணவர் தாராளமாக நிற்கட்டும். போஃபிரி என்ற அந்த வரவேற்பில் முதலில் ஒரு வீரர் ஈட்டி போன்ற தையாஹாவைச் சுழற்றிக்கொண்டு முன்னால் வருவார். கண்ணை உருட்டி, நாக்கை நீட்டி, 'நீ நண்பனா, பகைவனா?' என்று கேட்கிற சடங்கு அது. ஓர் இலையையோ சிறு குச்சியையோ தரையில் வைப்பார். உங்கள் கணவர் அவர் கண்ணிலிருந்து பார்வையை எடுக்காமல் மெதுவாகக் குனிந்து அதை எடுக்க வேண்டும். சிரிக்கக் கூடாது. பின்னால் நிற்கும் நீங்களும் சிரிக்கக் கூடாது. அந்த இடத்தில் செல்போனை நீட்டிக்கொண்டு கிளுகிளுவென்று சிரித்த கூட்டத்தில் நான் நின்றிருக்கிறேன், எனக்கே உடம்பு கூசியது. அந்த வீரர் தன் குலத்தின் சார்பில் நிற்கிறார், உங்கள் கணவர் நம் எல்லோர் சார்பிலும் நிற்கிறார்.

பிறகு உள்ளிருந்து ஒரு பெண் நீண்ட குரலில் அழைப்பார். முதல் குரல் எப்போதும் பெண்ணுடையதுதான். இறந்துபோனவர்களையும் சேர்த்தே அந்த அழைப்பு நினைக்கிறது என்பதால், நடக்கும்போது பேசாதீர்கள்.

மூக்கு வைப்பது ஹோங்கி. வலது கையைக் கோத்து, மூக்கையும் நெற்றியையும் மெல்ல அழுத்தி ஒரு மூச்சு நேரம். இருவர் மூச்சும் கலந்தால் நீங்கள் அங்கே அந்நியர் இல்லை. கண்ணை மூடிக்கொண்டால் கூச்சம் குறையும். எனக்கு முதலில் ஹோங்கி செய்தவர் ஒரு வயதான பாட்டி. என் கையை விடாமல் அப்படியே நாற்காலிவரை அழைத்துப்போய் உட்கார வைத்துவிட்டுத்தான் அடுத்தவரிடம் போனார். அதிலும் உங்களுக்குச் சங்கடம் என்றால் கையை நீட்டினால் போதும், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

கூடத்துக்குள் போகுமுன் செருப்பைக் கழற்றுங்கள். அந்தக் கட்டடத்தை ஒரு முன்னோரின் உடலாகவே மதிக்கிறார்கள். முகப்பின் உச்சியில் முகம், சரிந்து இறங்கும் பலகைகள் கைகள், நடு உத்தரம் முதுகெலும்பு, அதிலிருந்து இறங்கும் சட்டங்கள் விலா எலும்புகள். உள்ளே போகிறவர் அந்த முன்னோரின் மார்புக்குள் போகிறார். ஆகவே உள்ளே சாப்பாடு கிடையாது. தலை புனிதமானது, யார் தலையையும் தொடாதீர்கள், குழந்தையைக்கூடச் செல்லமாகத் தட்ட வேண்டாம். சாப்பாட்டு மேசைமேலும் தலையணைமேலும் உட்காரக் கூடாது. உள்ளே படம் எடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள். துக்க வீடு நடந்துகொண்டிருந்தால் கேட்கவே வேண்டாம், விலகிவிடுங்கள்.

கேள்வி: பூமி வெப்பத்தில் மின்சாரம் எடுத்தால் சுற்றுச்சூழலுக்கு நல்லது என்கிறார்களே, ஊற்றுகளுக்குப் பாதிப்பு இல்லையா? (கோவை வாசகர்)

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி. பாதிப்பு நடந்திருக்கிறது. தாவ்ப்போ அருகே வாய்ராக்கேய் மின் நிலையம் 1958-ல் ஓடத் தொடங்கியது. உலகில் முன்னோடியான நிலையம். ஆனால் பக்கத்திலேயே இருந்த பீறிடும் ஊற்றுகளின் பள்ளத்தாக்கு சில வருடங்களில் அடங்கிப்போனது. ஓராக்கேய் கோராக்கோ என்ற இடத்தில் இன்னொரு விதம்: 1961-ல் நீர்மின் அணைக்காக ஏரி நிரப்பியபோது பெரும்பாலான ஊற்றுகள் மூழ்கின. எஞ்சியதைத்தான் இன்று படகில் போய்ப் பார்க்கிறோம்.

ரோட்டோருவாவில் மின் நிலையம் எதுவும் இல்லாமலே அதே கதி வரப்பார்த்தது. வீடுகளும் விடுதிகளும் ஆழ்துளை போட்டு வெந்நீரை இழுத்து அறைகளைச் சூடாக்கிக்கொண்டிருந்தன. நிலத்தடி அழுத்தம் குறைந்தது. ஃபகாவில் பாப்பாக்குரா என்ற ஊற்று 1979-ல் நின்றே போனது. மாகெரெத்தி சொன்னேனே, வெள்ளைக்காரர் ஒருவர் குடும்பப் பெயர் கேட்டபோது அவர் சட்டென்று தன் பெயரோடு சேர்த்துச் சொன்னது இந்த ஊற்றின் பெயரைத்தான். அதுவே நின்றுவிட்டது என்றால் ஊராருக்கு எப்படி இருந்திருக்கும்! அடுத்தது போஹுத்துவோ என்ற பயம் வந்தது. 1986-ல் அரசு உத்தரவு போட்டது: போஹுத்துவிலிருந்து 1.5 கிலோமீட்டர் தூரத்துக்குள் இருக்கும் எல்லா ஆழ்துளைகளையும் மூட வேண்டும். ஊருக்குள் பெரிய எதிர்ப்பு. ஓசியில் கிடைத்த வெந்நீர் போகிறதே என்ற கோபம். ஆனாலும் மூடினார்கள். நிலத்தடி நீர்மட்டம் ஏறியது, ஓய்ந்திருந்த குளங்களில் நீர் வந்தது. பாப்பாக்குரா மட்டும் முப்பது வருடத்துக்கு மேல் அசையவில்லை. 2015-ல் அதுவும் பீறிட்டது.

போஹுத்து எழும்பும்போது எல்லோரும் கைதட்டுகிறார்கள். அந்தக் கைதட்டலில் ஒரு பங்கு, வீட்டுக் குழாயை மூட ஒப்புக்கொண்ட ஊர்க்காரர்களுக்கும் போக வேண்டும் என்று நினைக்கிறேன்.

மின்சாரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. நியூசிலாந்து மின்சாரத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு பூமி வெப்பத்திலிருந்து வருகிறது. இப்போது எடுத்த நீரை மறுபடி ஆழத்துக்கே செலுத்துகிறார்கள். மோகாய் என்ற இடத்தில் நிலம் மாவோரி அறக்கட்டளையுடையது. அங்கே மின்சாரமும் எடுக்கிறார்கள், அதே வெப்பத்தில் கண்ணாடிக் குடில்களில் தக்காளியும் குடைமிளகாயும் விளைவிக்கிறார்கள். முடிவு எடுப்பவர் அந்த நிலத்தோடு வாழப்போகிறவராக இருக்கும்போது அவசரம் குறையும் என்பது என் கருத்து.

கேள்வி: மே மாத விடுமுறையில் போகலாமா? (சேலம் வாசகர்)

போகலாம். அங்கே அது இலையுதிர் காலத்தின் கடைசி. காலையில் நல்ல குளிர் இருக்கும், அதனாலேயே ஆவி அடர்த்தியாகத் தெரியும். ஸ்வெட்டரோடு மழைக்கோட்டும் வேண்டும்.

கேள்வி: நியூசிலாந்தில் தமிழ் மணி ஒன்று கிடைத்ததாகப் படித்தேன். தமிழர்கள்தான் முதலில் அங்கே போனார்களா? (நாகப்பட்டினம் வாசகர்)

மணி கிடைத்தது உண்மை. 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற பாதிரியார், வடக்குத் தீவின் வடகோடிப் பகுதியில் மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார். அது பாத்திரமல்ல, விளிம்பு உடைந்த கப்பல் மணி. சுற்றிலும் தமிழ் எழுத்து: 'முகையதீன் வகுசு உடைய கப்பல் உடைய மணி.' சொன்னால் நம் கடற்கரை ஊர் மரைக்காயர் கப்பல் கண்முன் வருகிறது இல்லையா? பெரிய மரம் ஒன்று புயலில் வேரோடு சாய்ந்தபோது அதன் அடியில் கிடைத்ததாக மாவோரிகள் சொன்னார்கள்.

ஆனால் மணி போனதால் மணிக்காரரும் போனார் என்று ஆகாது. கைமாறிக் கைமாறி வேறு கப்பலில் போயிருக்கலாம், ஆளில்லாத கப்பல் ஒதுங்கியிருக்கலாம். தமிழர் அங்கே குடியேறியதற்கு வேறு தடயம் எதுவும் கிடைக்கவில்லை. அதை முதல் கண்டுபிடிப்பு என்று நாம் பறைசாற்றுவது, அந்த நிலத்தைத் தேடிக் கண்டுபிடித்து, பெயர் வைத்து, பயிரிட்டு வாழ்ந்த மாவோரி முன்னோர்களின் கடலோட்டத்தைக் குறைப்பதாகும். மணி வெலிங்டனில் உள்ள தெ பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. ரோட்டோருவாவிலிருந்து கிட்டத்தட்ட 450 கிலோமீட்டர். போகுமுன் பார்வைக்கு வைத்திருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: சின்னக் குழந்தைகளோடு போகிறோம். ஆபத்து இல்லையே? (காஞ்சிபுரம் வாசகர்)

பாதையில் நடந்தால் இல்லை. வேலிக்கு அப்பால் தரை கெட்டியாகத் தெரியும், அடியில் கொதிநீர் இருக்கும். நான்கு வயதுக்குக் கீழே என்றால் கையை விடவே வேண்டாம். ஊர் நடுவே இருக்கும் குயிராவ் பூங்கா இலவசம், கால் நனைக்கும் தொட்டிகள் உண்டு, குழந்தைகளுக்குப் பிடிக்கும். ஆனால் 2001-ல் அதே பூங்காவில் தரை வெடித்துச் சேறும் கல்லும் பறந்தன. ஆகவே அங்கேயும் வேலி வேலிதான். இயற்கையான வெந்நீர்க் குளத்திலும் ஓடையிலும் குளித்தால் தலையை நீருக்குள் முக்கக் கூடாது, மூக்கில் நீர் ஏறக் கூடாது. மூளைக்குப் போகும் ஒருவகை அமீபா அந்த நீரில் இருக்கலாம்.

ஃபகாரி தீவைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2019 டிசம்பர் 9-ஆம் தேதி அது வெடித்தபோது தீவில் 47 பேர் இருந்தார்கள், 22 பேர் இறந்தார்கள். தீவுக்குச் சுற்றுலா அதோடு நின்றது.

கேள்வி: ஊறுகாய், பருப்புப்பொடி கொண்டு போகலாமா? (விருதுநகர் வாசகி)

எதைக் கொண்டுபோனாலும் விமான நிலையப் படிவத்தில் 'உணவு உண்டு' என்று குறித்துவிடுங்கள். குறித்துவிட்டால் பார்த்துவிட்டு அனுமதிப்பார்கள் அல்லது எடுத்துக்கொள்வார்கள், அதோடு முடிந்தது. மறைத்தால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். தேன், பழம், விதை, நெய்ப் பலகாரம் வேண்டவே வேண்டாம். ஷூவில் மண் ஒட்டியிருந்தால் கழுவிவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: எங்களுக்கு ரோட்டோருவாவில் ஒரே ஒரு பகல்தான். என்ன பார்ப்பது? (புதுச்சேரி வாசகர்)

காலையில் ஃபகா கிராமம், வழிகாட்டியோடு. அங்கே கல்லறைகள் தரைக்கு மேலே கட்டப்பட்டிருப்பதைப் பாருங்கள். தோண்டினால் சூடு என்பதால் இறந்தவர்களை மேலேயே வைக்கிறார்கள். குளங்களிலிருந்து சிறு வாய்க்காலில் வெந்நீர் வந்து சேரும் சிமென்ட் தொட்டிகளையும் காட்டுவார்கள். வெளியாட்கள் போன பிறகு சாயங்காலம் ஊர்க்காரர்கள் குளிக்கும் இடம் அது. மதியச் சாப்பாட்டையும் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பக்கத்திலேயே தெ புயா. போஹுத்துவை அருகிலிருந்து பார்க்கலாம். அதைவிட எனக்கு முக்கியம் அங்குள்ள மரச் சிற்பப் பள்ளி. மாவோரித் தலைவர் அபிரானா ஙாத்தா 1920-களில், சிற்பக்கலை அழிந்துவிடும் என்று கவலைப்பட்டு ரோட்டோருவாவில் ஒரு பள்ளி தொடங்கினார். இன்றைய பள்ளி அந்த வழியில் வந்தது. இளைஞர்கள் உளியும் கொட்டாப்புளியுமாக வேலை செய்துகொண்டிருப்பார்கள். தடுப்புக்கு இப்பால் நின்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம். சுருள் ஒன்றைச் செதுக்கி முடிக்க எத்தனை முறை உளியை மாற்றுகிறார்கள் என்று கவனியுங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் ஏரிக்கரை ஓஹினெமுத்து. செயின்ட் ஃபெய்த் தேவாலயத்தின் கண்ணாடி ஜன்னலில் இயேசு மாவோரி அங்கி போர்த்தியிருக்கிறார். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் அவர் பின்னால் தெரியும் ஏரியின்மேல் நடந்து வருவதுபோல் இருக்கும். அதுவும் மக்கள் குடியிருக்கும் தெரு. வீடுகளின் முற்றத்திலேயே ஆவி வந்துகொண்டிருக்கும், எட்டிப் பார்க்காமல் நடந்துபோங்கள். எதிரே வருகிறவருக்கு 'கியா ஓரா' சொல்லுங்கள். வாய்-ஓ-தாப்புவை விட்டுவிடுங்கள், அதற்கு இன்னொரு பகல் வேண்டும்.